பாவ்னி கணவாயில் மூன்று பேர், ஒரு நாய், ஓர் இடிமழை: நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மலைப்பகுதி இந்தியன் பீக்ஸ். 1978-இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டி வடக்கே இருக்கும் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. இங்கே உண்டு, ஆனால் ஆறடிக்கு மேற்படாத கயிற்றில், கையில் பிடித்தபடிதான் நடத்த வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் இந்தப் பக்கம் வருவதற்கு அதுதான் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூலை கடைசி வாரத்தில் நாங்கள் போனோம். டென்வரில் வசிக்கும் ஒரு தமிழ்த் தம்பதி, அவர்களுடைய நாய், நான். தம்பதிக்கு நாற்பதை ஒட்டிய வயது; ஒருநாள் நடைகள் நிறையப் போனவர்கள், முதுகுப்பையோடு இரவு தங்கியது ஒரே ஒரு முறை. எனக்கு அப்போது ஏழெட்டு வருட மலை அனுபவம் இருந்தது. அதனால் வழி, நேரம், எங்கே திரும்புவது எல்லாம் என் பொறுப்பு. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

நாய்க்கு நான்கு வயது, 29 கிலோ, லேப்ரடார் கலப்பு. காப்பகத்திலிருந்து எடுத்து வந்தபோது ஏதோ ஆங்கிலப் பெயர் இருந்ததாம். வீட்டுக்கு வந்த அன்றே மணி ஆகிவிட்டான். இந்த மாதிரிக் குறிப்பில் ‘அது’ என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை.

திட்டம்

பிரெய்னார்ட் ஏரிப் பக்கம் இருக்கும் லாங் லேக் நடைத்தொடக்கத்திலிருந்து பாவ்னி கணவாய் ஏறி, மேற்கே இறங்கி, புக்கானன் கணவாய் வழியாகத் திரும்பும் வட்டப் பாதை. நாற்பது கிலோமீட்டருக்கு மேல்; மூன்று நாள், இரண்டு இரவு. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை இங்கே இரவு தங்க பர்மிட் வேண்டும், எடுத்திருந்தோம்.

பாவ்னி கணவாயின் உயரம் 12,541 அடி, அதாவது 3,822 மீட்டர். நடைத்தொடக்கமே ஏறக்குறைய 3,200 மீட்டரில் இருப்பதால் ஏற்றம் அறுநூறு சொச்சம் மீட்டர்தான். எண்ணைப் பார்த்தால் சுலபமாகத் தெரியும். கஷ்டம் வானத்தில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஈரக்காற்று வருகிறது. காலை வெயிலில் சரிவுகள் சூடாகின்றன. பத்து மணிக்குப் பஞ்சாக இருக்கும் மேகம் நண்பகலில் இடிமேகமாகிவிடுகிறது. நண்பகலுக்குள் மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்பது இங்கே மலையேறும் எல்லோருக்கும் பாலபாடம். எங்கள் திட்டப்படி 6 மணிக்கு நடக்கத் தொடங்கி 9 மணிக்குக் கணவாய். 11 மணிக்குள் கணவாயை எட்டாவிட்டால் திரும்புவது என்றும் முடிவு செய்திருந்தோம்.

மனிதர்களுக்கான திட்டமாக இதில் குறை இல்லை. நாய்க்கு என்று இருந்தது இவ்வளவுதான்: அவனே சுமக்கும் பையில் நான்கு கிலோ தீனியும் கிண்ணமும், தடுப்பூசிச் சீட்டு, மூஸ் மான் எதிரே வந்தால் என்ன செய்வது என்ற பேச்சு. பிரெய்னார்ட் பக்கம் மூஸ் அதிகம், அவற்றுக்கு நாயைக் கண்டால் ஆகாது. அந்தப் பயம் நியாயமானதுதான். பாதத்துக்கு ரப்பர் அடி வைத்த காலுறைகள் வாங்கியிருந்தார்கள். வீட்டில் ஒருமுறை மாட்டியபோது மணி காலை உதறி உதறிக் கழற்றிவிட்டான். அதோடு விட்டுவிட்டார்கள். அவை காரின் பின்சீட்டில் இருந்தன, அங்கேயே கிடந்தன.

நாய் நடக்க முடியாமல் போனால் யார் தூக்குவது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏற்றம்: 8:40 முதல் 11:35 வரை

கிளம்பியதே தாமதம். டென்வரில் பை கட்டுவதில் ஒரு மணி நேரம், வழியில் மறந்துபோன கேஸ் டப்பாவுக்காக இன்னொரு நிறுத்தம். 8:40-க்கு நடக்கத் தொடங்கியபோதே, இன்று கணவாய் வேண்டாம், கணவாய்க்குக் கீழே வழியில் இருக்கும் இஸபெல் ஏரிப் பக்கமே சுற்றிவிட்டு நாளை விடிகாலை ஏறலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பர்மிட் மேற்குப் பக்க முகாமுக்கு இருந்ததால் சொல்லத் தயங்கினேன்.

9:50-க்கு இஸபெல் ஏரி. கரையோரம் மிச்சமிருந்த பனித்திட்டில் மணி முதுகைத் தேய்த்து உருண்டான். அதன் பிறகு மண்பாதை குறைந்து உடைந்த பாறை தொடங்குகிறது. கால்மணி நேரத்தில் மனைவி சொன்னார்: “தம்பி, மணி இடது முன்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான்.”

குனிந்து பார்த்தேன். உள்ளங்கால் மெத்தையின் ஓரத்தில் அரையங்குலம் போலத் தோல் வழண்டிருந்தது. ரத்தம் இல்லை. “கல்லு புதுசு இல்லையா அக்கா, நடக்க நடக்கப் பழகிடும்” என்றேன். மற்ற மூன்று பாதங்களைத் திருப்பிப் பார்க்கவில்லை. பத்து விநாடி வேலை.

10:40-க்கு மலைமுகட்டுக்குப் பின்னாலிருந்து வெள்ளை மேகங்கள் காலிஃபிளவர் போல எட்டிப் பார்த்தன. கிழக்கிலிருந்து ஏறுபவர்களுக்கு இந்தப் பாதையில் ஒரு சிக்கல் உண்டு: வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது, மேற்கு வானத்தை முகடு மறைத்துக்கொள்கிறது. தலைக்கு மேல் நீலமாக இருக்கும். பின்னால் என்ன திரள்கிறது என்பது கணவாயில் கால் வைக்கும்வரை தெரியாது.

11 மணி ஆனபோது கணவாய் கண்ணுக்குத் தெரிந்தது. “இன்னும் கால் மணி நேரம்தான்” என்றேன். முப்பத்தைந்து நிமிடம் ஆனது. மணி அடிக்கடி உட்கார்ந்தான். கணவர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு பிஸ்கட் காட்டி எழுப்பினார்.

கணவாயில் எடுத்த முடிவு

மேற்கே கிரான்பி ஏரிப் பக்கம் மேகத்தின் அடிவயிறு கறுத்து, மழை திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. இடிச் சத்தம் இன்னும் இல்லை.

இரண்டு வழிகள். கிழக்கே வந்த வழியே திரும்பினால் பாதை நல்லது, ஆனால் மரமோ மறைவோ இல்லாத அகலமான மேட்டுவெளியில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். அந்த வெளியில் உயரமான பொருள் நாங்கள்தான். மேற்கே செங்குத்தான கற்சரிவு, வளைந்து வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை. உயரம் வேகமாகக் குறையும், கீழே பாவ்னி ஏரிக்குப் பக்கத்தில் மரங்கள். மழையை நோக்கிப் போவதாகத் தெரிந்தாலும் உயரத்தை விரைவில் இழப்பதே மின்னலுக்கு நல்லது என்று கணக்குப் போட்டு மேற்கைத் தேர்ந்தேன். இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த முடிவைப் பற்றி இன்றும் எனக்கு ஒரே கருத்து இல்லை. மூன்று மனிதர்களுக்கு அது சரியான கணக்கு. பாதம் வழண்ட நாய்க்கு அந்த வட்டாரத்திலேயே மிக மோசமான தரை அந்தக் கற்சரிவுதான். அந்தக் கணக்கில் மணி வரவே இல்லை.

கற்சரிவில்: 11:40 முதல் 1:50 வரை

11:52-க்கு முதல் மின்னல். எண்ணினேன், 24 விநாடி கழித்து இடி. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும் என்பதால், எட்டு கிலோமீட்டர் தூரம். இடைவெளி முப்பது விநாடிக்குள் வந்துவிட்டாலே ஆபத்து எல்லைக்குள் இருக்கிறோம் என்று அர்த்தம். 12:05-க்கு ஆலங்கட்டி, மிளகளவில் தொடங்கிப் பட்டாணியளவுக்கு வந்தது. வெப்பநிலை சட்டென இறங்கியது. அடுத்த எண்ணிக்கை 12.

அந்த இடியில் மணி நின்றுவிட்டான். வால் வயிற்றுக்குள் போய், நான்கு காலையும் பாறையில் ஊன்றி, கண் வெள்ளை தெரிய நின்றான். கணவர் கயிற்றை இடுப்புப் பட்டையில் கட்டியிருந்தார். ஏற்றத்தில் கை காலியாக இருக்க அது வசதி. இறக்கத்தில் மணி திடீரெனப் பின்னுக்கு இழுக்க, அவர் சறுக்கி முழங்காலைப் பாறையில் கிழித்துக்கொண்டார். உடனே கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்தோம். கழுத்திலிருந்தே அவிழ்த்துவிட்டால் தானே இறங்கிவிடுவான் என்றார் கணவர். வேண்டாம் என்றேன். இடிக்கு மிரண்ட நாய் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. அந்தச் சரிவில் ஓடினால் தேடக்கூட முடியாது. எடுத்தவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லாத முடிவு இது ஒன்றுதான்.

ஒரே மின்னலில் எல்லோரும் விழாமல் இருக்க இருபது மீட்டர் இடைவெளி விட்டு நடக்கச் சொன்னேன். மனைவி கேட்கவில்லை, மணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்னல் நேராகத் தலையில் விழுந்துதான் கொல்லும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்து தரை வழியே பரவும் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். நாலுகால் பிராணிக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டில் ஒரே இடிமழையில் 323 கலைமான்கள் செத்து விழுந்தன. கூட்டமாக நெருங்கி நின்றவை அவை.

மணியின் பாதங்களை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். இரண்டு முன்பாதங்களிலும் மெத்தைத் தோல் மூடி போலத் திறந்து தொங்கியது. நனைந்து ஊறிய தோல் கூர்ப்பாறையில் சீக்கிரம் கிழியும். இனி அவன் நடக்க மாட்டான், நடக்கவும் கூடாது.

முதலில் தோளில் போட்டுப் பார்த்தேன். 29 கிலோ உயிர், துள்ளுகிறது. இரண்டு அடிக்கு மேல் முடியவில்லை. அப்புறம் கணவருடைய 70 லிட்டர் முதுகுப்பையைக் காலி செய்தோம். அவருடைய ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, உணவில் பாதி எல்லாவற்றையும் தார்ப்பாயில் சுருட்டி ஒரு பாறை இடுக்கில் வைத்து, இடத்தை ஜிபிஎஸ்-ஸில் குறித்தேன். மணியைப் பின்பக்கமாகப் பைக்குள் இறக்கி, தலையும் முன்கால்களும் வெளியே இருக்க, மேல் வார்களை மார்புக்குக் குறுக்கே இறுக்கினோம். பைக்குள் போனதும் ஆச்சரியமாக அடங்கிவிட்டான். இருபது நிமிடம் ஆனது இதற்கு, ஆலங்கட்டி தலையில் விழ விழ. வீட்டுக் கூடத்தில் ஒருமுறை பழகிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம்.

பத்து பத்து நிமிடமாக இருவரும் மாற்றிச் சுமந்தோம். என் பையை அப்போது மனைவி முன்பக்கம் மாட்டிக்கொண்டார், தன்னுடையது முதுகில். ஈரக் கல்லில், எடை தலைக்கு மேலே ஆட, ஒருவர் விழுந்திருந்தால் விஷயம் நாயின் பாதத்தோடு நின்றிருக்காது. அது தெரிந்தேதான் செய்தோம். செய்யாமல் இருப்பது என்றால் அவனை அங்கேயே விடுவது. 2012 ஆகஸ்டில் இதே மாநிலத்தில், பியர்ஸ்டாட் மலையிலிருந்து நீளும் முகட்டில், புயல் நெருங்கும்போது பாதம் கிழிந்த ஒரு ஜெர்மன் ஷெப்பர்டை அப்படித்தான் விட்டு இறங்க நேர்ந்தது. ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத் தன்னார்வலர்கள் ஏறிப்போய் உயிரோடு சுமந்து வந்தார்கள். அந்தச் செய்தி எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மரங்களுக்குள்

1:50-க்கு மரங்களை எட்டினோம். தனியாக நிற்கும் உயர மரத்தை விட்டு, ஒரே உயரத்தில் அடர்ந்த பகுதியில் டென்ட் அடித்தோம்.

மணி நடுங்கினான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது. சூடு ஏறாமலே நடுக்கம் நிற்பது நல்ல அறிகுறி அல்ல. நனைந்த ரோமம் குளிரைத் தடுக்காது, வயிற்றில் ரோமமே குறைவு. பையிலிருந்த இரண்டு பருத்திச் சட்டைகளால் துடைத்து, மனைவியின் ஸ்லீப்பிங் பேக்குக்குள் அவரோடு சேர்த்துப் படுக்க வைத்தோம். என்னுடைய சின்ன அடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டிலில் ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் போட்டு அவன் வயிற்றோரம் வைத்தோம். முக்கால் மணி நேரத்தில் மறுபடி நடுங்கத் தொடங்கினான். அந்த நடுக்கத்தைப் பார்த்து நிம்மதியானோம். பிறகு கையில் நீட்டிய வேர்க்கடலை வெண்ணெயை நக்கினான்.

வலிக்கு இபுப்ரோஃபென் பாதி கொடுக்கலாமா என்று கணவர் கேட்டார்; மாத்திரையை எடுத்தும் விட்டார். நாய்க்கு அது விஷம். குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எனக்குப் படித்த ஞாபகம் இருந்தது, ஆனால் உறுதி இல்லை. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியான சாட்டிலைட் மெசெஞ்சரில் டென்வர் நண்பருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் ஒரு கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டு, “மனுஷ மாத்திரை எதுவும் கொடுக்காதே” என்று பதில் அனுப்பினார். பாதங்களைக் கொதித்தாறிய நீரில் கழுவி, காயத்துக்குக் கட்டும் காஸ் துணி வைத்து, மேலே எங்கள் காலுறையை மாட்டி டேப் சுற்றினோம்.

இடி மூன்று தடவையாக வந்து போனது. கடைசிச் சத்தம் 4:20-க்கு. அதன்பின் அரை மணி காத்திருந்து, கணவரின் முழங்காலுக்குக் கட்டுப்போட்டு, நானும் அவரும் மேலே போய் விட்டுவந்த சாமான்களை எடுத்து வந்தோம். மார்மட்டுகள், அதாவது இந்த மலைகளில் வாழும் பெரிய அணில் இனப் பிராணிகள், அதற்குள் வந்து போயிருந்தன. வியர்வை உப்புக்காக அவருடைய நடைக்கோலின் கைப்பிடி வாரைக் கடித்துத் தின்றுவிட்டிருந்தன. உணவு மூட்டையைத் தொடவில்லை.

இரண்டாம் நாள்

வட்டத்தை முடிக்கும் பேச்சே எழவில்லை. கார் நின்றது கிழக்கே. ஆனால் அதற்கு மறுபடி அந்தக் கற்சரிவில் ஐந்நூறு மீட்டர் ஏற வேண்டும். மேற்கே மோனார்க் ஏரிக்குச் சுமார் 12 கிலோமீட்டர், பெரும்பாலும் காட்டுக்குள், இறக்கம், ஊசியிலை மெத்தை விரித்த மண்பாதை. அங்கே இறங்கினால் காருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர், சாலையில் பல மணி நேரச் சுற்று. நேற்றைய கணக்கில் வராத மணிதான் இந்த முறை முதல் வரி. மோனார்க்கைத் தேர்ந்தோம். டென்வர் நண்பர் காரோடு வரச் சம்மதித்தார்.

சாட்டிலைட் மெசெஞ்சரில் இருந்த அவசர உதவிப் பொத்தானை அழுத்தவில்லை. கொலராடோவின் மலை மீட்புக் குழுவினர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மூன்று மனிதர்களும் நடக்க முடிகிற நிலையில் அவர்களை மலையேற்றுவது நியாயமாகப் படவில்லை. கணவரின் முழங்கால் மடக்க முடியாமல் போயிருந்தால் அழுத்தியிருப்போம்.

5:45-க்குக் கிளம்பினோம். பாறைப் பகுதிகளில் மணி பைக்குள். மண்பாதையில் காலுறைக் கட்டோடு தானே நடந்தான், இருபது நிமிட நடை, பத்து நிமிட ஓய்வு. 2:30-க்கு மோனார்க் ஏரி. அன்றும் ஒரு மணிக்கு இடித்தது. நாங்கள் அப்போது அடர்ந்த காட்டுக்குள் இருந்தோம். மணி கணவரின் காலிடுக்கில் புகுந்துகொண்டான்.

பிறகு

அன்றிரவே கால்நடை மருத்துவமனை. தொங்கிய தோலை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். ஒரு நகம் வேரோடு கழன்றிருந்தது. கிருமிக்கொல்லி மருந்து, இரண்டு வாரம் வீட்டுக்குள் ஓய்வு. கணவருக்கு முழங்காலில் ஐந்து தையல். பாதம் ஒரு மாதத்தில் ஆறியது. இடி பயம் ஆறவில்லை. மேகம் கறுத்தாலே குளியலறைத் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான். முன்பு அப்படி இல்லை என்கிறார்கள்.

இன்று செய்தால்

8:40-க்கு நடைத்தொடக்கத்தில் நிற்கும் குழுவை நான் இன்று கணவாய்க்கு அழைத்துப் போக மாட்டேன். பர்மிட் வீணானால் வீணாகட்டும். 11 மணி என்று வைத்துக்கொண்ட எல்லையைக் கணவாய் கண்ணில் தெரிகிறது என்பதற்காகத் தாண்டியதும் அதே தவறின் இரண்டாம் பாதி.

ஆனால் நேரம் சரியாக இருந்திருந்தாலும் மணியின் பாதம் கிழிந்திருக்கும். இடி இல்லாத வெயிலில் அதே கற்சரிவில் உட்கார்ந்திருப்பான். இதை நான் புரிந்துகொள்ள சில மாதம் பிடித்தது. நடந்ததைச் சொல்லும்போதெல்லாம் மழையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்ப வேண்டிய இடம் இஸபெல் ஏரிக்கு மேலே, கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது. அவன் காலைத் தூக்கி வைத்த இடம். நாய் நொண்டினால் நேரம் எதுவானாலும் திரும்புவது என்று ஒரு வரி திட்டத்தில் இருந்திருந்தால், அக்கா சொன்னபோது நான் “பழகிடும்” என்று சொல்லியிருக்க முடியாது.

இப்போது நாயோடு மலைக்கு வர யார் கேட்டாலும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். காலுறையைப் போட்டுக்கொண்டு எத்தனை கிலோமீட்டர் நடந்திருக்கிறது? ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு பாதங்களையும் யார் பார்ப்பார்? தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? மூன்றாவதுக்குச் சிரிக்கிறார்கள். நாயைத் தூக்குவதற்கென்றே துணி ஏணை போன்ற பட்டை விற்கிறது. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும்.

தம்பதி அதில் ஒன்று வாங்கிவிட்டார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் மணியை அதில் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறி இறங்குகிறார். அதை அலமாரியிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டாலே மணி சோபாவுக்குப் பின்னால் போய்விடுகிறான்.